டிபார்ட்மெண்ட் ஸ்டோர் குடும்பங்களுக்கு ஊத்துக்குளியிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

போன வாரம் உங்களில் ஒருவரிடமிருந்து கல்யாணப் பத்திரிகை கனத்தில் எனக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. ஒன்பதாவது கிளைத் திறப்பு விழா. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் கடையை ஆரம்பித்த தாத்தாவின் படம் போட்டிருந்தது. சந்தோஷம். உள்ளே மடித்து வேறொரு தாளும் இருந்தது. திறப்பு விழாவுக்காக முதல் லோடு சரக்கு இலவசமாகத் தர வேண்டும். இனிமேல் பேமெண்ட் 60 நாளில் இல்லை, 90 நாளில். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்த மடல். அவருக்கு மட்டும் எழுதினால் தனிக் கோபம் என்று நினைத்துக்கொள்வார். அதனால் ஈரோடு, திருப்பூர், கோபி, தாராபுரம், பொள்ளாச்சி, கோவை என்று மூன்று கடையோ பதினைந்து கடையோ வைத்திருக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது, பாட்டில் தெரிந்திருக்கும். ஊத்துக்குளியில் வெண்ணெய் வாங்கி உருக்கி நெய்யாக்கி விற்கிறோம். எனக்கு முன்னால் அப்பா செய்தார். அப்பா காலத்தில் பாட்டில் கிடையாது, போசிதான். பெரிய தூக்குப்போசியில் நெய்யை ஊற்றி, மேலே வாழையிலை வைத்துக் கட்டி, பஸ்ஸில் டவுனுக்குக் கொண்டு போவார். லீவு நாளில் நானும் கூடப் போவேன்.

அந்த டவுனில் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை இருந்தது. பெயர் வேண்டாம். அய்யா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். போசியைத் திறந்ததும் அய்யா கரண்டியை எடுக்க மாட்டார். சுண்டுவிரலால் ஒரு பொட்டு நெய் எடுத்து இடது புறங்கையில் வைத்துத் தேய்ப்பார். மூக்கருகில் கொண்டுபோவார். அப்புறம் அப்பாவைப் பார்ப்பார். “இன்னைக்கு முருங்கைக்கீரை கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்களே” என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் கல்லாவைத் திறந்து, நோட்டை எண்ணி, அப்பா கையில் கொடுத்துவிட்டு, “ஊத்துக்குளிப் புள்ளைக்கு” என்று எனக்கு ஒரு கல்கண்டுப் பொட்டலம். கொடுத்த கணக்கை அப்பா எண்ணிப் பார்த்து நான் கண்டதில்லை.

மளிகைக் கடை டிபார்ட்மெண்ட் ஸ்டோர் ஆனது அவர் மகன் காலத்தில். கூடையை எடுத்துக்கொண்டு நாமே சுற்றி வந்து எடுக்கலாம் என்பது அப்போது எங்கள் பக்கத்துக்குப் புதுசு. தொட்டுப் பார்த்து வாங்கலாம், வேண்டாமென்றால் திரும்ப வைக்கலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். கிராமத்திலிருந்து ஆத்தாக்கள் கோயிலுக்குப் போகிற மாதிரி குளித்துவிட்டு வருவார்கள். இரண்டாவது கடை, நான்காவது கடை என்று பெருகிப் பதினொன்று ஆனது. ஒவ்வொரு திறப்பு விழாவுக்கும் அப்பா ஒரு டின் நெய் கொண்டுபோய்க் கொடுப்பார். அதை யாரும் கேட்டு வாங்கவில்லை. அவர் இஷ்டத்துக்குக் கொடுத்தது. நீங்கள் அனுப்பிய தாளுக்கும் அந்த டின்னுக்கும் உள்ள தூரம் உங்களுக்கே புரியும்.

இனி கணக்குக்கு வருகிறேன். எம்பிஏ படித்துவிட்டு வந்த தம்பிகள் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் பியூசி.

ஒரு கடையில் நாளைக்கு 3 லட்சம் விற்பனை என்று வையுங்கள். அதில் சரக்கின் அடக்கம் இரண்டரை லட்சம். வந்த சரக்கு சராசரியாக 20 நாளில் விற்றுவிடுகிறது, காசு அன்றைக்கே கல்லாவுக்கு வந்துவிடுகிறது. எங்களுக்கு நீங்கள் கொடுப்பது 60வது நாள். நடுவில் 40 நாள். நாளைக்கு இரண்டரை லட்சம் வீதம் ஒரு கோடி ரூபாய் எப்போதும் உங்கள் கையில் இருக்கிறது. அது லாபம் இல்லை, பேங்க் கடனும் இல்லை. மிளகாய்ப்பொடிக்காரர், அப்பளக்காரர், முறுக்குக்காரர், செக்கு எண்ணெய்க்காரர், நெய்க்காரி ஆகிய எங்கள் காசு. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. அடுத்த கிளையின் டைல்ஸும் ஏசியும் இந்தக் காசில்தான் வருகின்றன. புதுக் கிளை திறந்ததும் அதற்கும் புதுசாக 40 நாள் காசு சேரும், அதில் அதற்கடுத்த கிளை. விற்பனை ஏறிக்கொண்டே இருக்கும்வரை இதில் ஓட்டை தெரியாது.

விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் என்ன ஆகும்? கையில் நிற்கிற ஒரு கோடி 80 லட்சமாகிவிடும். அந்த 20 லட்சத்தை எங்களுக்குக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அது காசாக இல்லை. எங்கோ பைபாஸ் ரோட்டில் தூணாக நிற்கிறது, அல்லது குடும்பத்துப் பெயரில் காடாகவோ காற்றாலையாகவோ மாறிவிட்டது. அகலக்கால் வைக்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

இது நமக்கு மட்டும் நடக்கிற கதை இல்லை. என் மகள் டொரன்டோவில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது அங்குள்ள மியூசியத்தில் ஒரு பெரிய வெண்கலச் சிலை முன்னால் என்னை நிறுத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தாடிக்காரர், பெயர் டிமோதி ஈட்டன். உடம்பெல்லாம் கறுத்துக் கிடக்க, இடது கால் ஷூவின் நுனி மட்டும் பளபளவென்று இருந்தது. தேய்த்தால் அதிர்ஷ்டம் என்று ஜனங்கள் தேய்த்துத் தேய்த்து அப்படி ஆகிவிட்டதாம். கடைக்காரனுக்குச் சிலை வைத்து, காலைத் தொட்டுக் கும்பிடாத குறையாக வைத்திருக்கிறார்களே என்று நானும் தேய்த்தேன்.

அந்த மனிதர் 1869ல் டொரன்டோவில் கடை போட்டவர். பேரம் கிடையாது, கடன் கிடையாது, எல்லாருக்கும் ஒரே விலை, பிடிக்காவிட்டால் பணம் வாபஸ். பேரமும் நோட்டுக் கணக்குமாக இருந்த ஊரில் அது பெரிய துணிச்சல். 1884ல் தபால் கேட்லாக் ஆரம்பித்தார். கடையே பார்க்காத பனிக்காட்டு விவசாயியும் அதைப் பார்த்துச் சட்டையும் அடுப்பும் வரவழைத்தான். பழைய கேட்லாக்கைக் கிழிக்காமல் காலில் கட்டிக்கொண்டு பையன்கள் ஹாக்கி ஆடுவார்களாம். 1919ல் கடையின் 50வது ஆண்டுக்கு வேலைக்காரர்களே காசு போட்டு முதலாளி குடும்பத்துக்குக் கொடுத்த சிலைதான் நான் பார்த்தது. இந்த இடத்தைத் தயவுசெய்து இன்னொரு தரம் படியுங்கள். வேலைக்காரர்கள் காசு போட்டு வைத்த சிலை.

கேட்லாக் 1976ல் நின்றது. நாலாவது தலைமுறையில் கடை சகோதரர்கள் கைக்கு வந்தது. 1991ல் தள்ளுபடி விற்பனையே வேண்டாம், தினமும் ஒரே விலை என்று முடிவெடுத்தார்கள். கொள்ளுத்தாத்தா சொன்ன ஒரே விலைதானே என்று தோன்றும். ஆனால் ஜனங்கள் அதற்குள் தள்ளுபடிக்குப் பழகிவிட்டார்கள், வேறு கடைக்குப் போனார்கள். 1994ல் வால்மார்ட் கனடாவுக்குள் வந்தது. 1997ல் ஈட்டன்ஸ் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது, 1999ல் திவால். மிச்சத்தை வாங்கிய சியர்ஸ் கனடாவும் 2018 ஜனவரியில் கடைசிக் கடையைச் சாத்திவிட்டது. டொரன்டோ நடுவில் ஈட்டன் சென்டர் என்ற மால் மட்டும் இன்னும் அந்தப் பெயரோடு இருக்கிறது. அங்கே ஒரு காபி குடித்தோம், நன்றாக இல்லை.

கனடா எதற்கு, நம் மண்ணிலேயே இருக்கிறது. ஈரோட்டுப் பக்கத்து முத்துசாமி முதலியார் கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்கும் குன்னூருக்கும் வெள்ளைக்காரர்களின் கடிதமும் காசோலையும் சுமந்து போனவர். மலையில் ஒரு வெள்ளைக்காரரின் வெண்ணெய் வியாபாரத்தை வாங்கி 1905ல் கடை வைத்தார். அதுதான் நீல்கிரீஸ். 1936ல் மகன் சென்னியப்பன் அதை பெங்களூர் பிரிகேட் ரோட்டுக்குக் கொண்டுபோனார். சூப்பர் மார்க்கெட் என்ற சொல்லே நம்மவர்கள் வாயில் நுழையாத காலத்தில் அந்தக் கடையில் ரொட்டியும் வெண்ணெயும் சீஸும் வாங்க ஜனங்கள் நின்றார்கள். வெண்ணெயில் ஆரம்பித்த கடை என்பதால் எங்கள் வீட்டில் அதன்மேல் தனி மரியாதை. “நம்ம பக்கத்து ஆளு” என்பார் அப்பா, ஏதோ பங்காளி மாதிரி. 2006ல் ஆக்டிஸ் என்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் பெரும்பங்கை வாங்கியது. 2014ல் ஃபியூச்சர் குழுமம் சுமார் 300 கோடிக்கு வாங்கியது. 2022ல் அந்தக் குழுமத்தின் ஃபியூச்சர் ரீடெயிலே திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. 2020ல் கோவையின் கண்ணன் டிபார்ட்மெண்டல் ஸ்டோரை ரிலையன்ஸ் 152.5 கோடிக்கு வாங்கியதும் உங்களுக்குத் தெரியும். அதை விழுந்த கதை என்று சொல்ல மாட்டேன், விற்ற கதை. விற்பது கௌரவக் குறைவு இல்லை. நேரத்தோடு விற்பவர் எல்லார் பாக்கியையும் தீர்த்துவிட்டுப் போக வழி உண்டு. கௌரவத்துக்காக விற்காமல் கடைசிவரை இழுப்பவர்தான் எங்களையும் இழுத்துக்கொண்டு விழுகிறார்.

நான் சொல்லிவந்த பதினொரு கடைக் குடும்பம் அப்படித்தான் விழுந்தது. அய்யா காலமாகிச் சில வருடம் கழித்து அவருடைய நாற்காலி கல்லாவிலிருந்து மாடி ஆபீசுக்குப் போனது. பேரன் வந்தார். நல்ல பையன், மரியாதை தெரிந்தவர். என்னை மேடம் என்பார். அவர் வந்ததும் எனக்கு வெண்டர் நம்பர் கிடைத்தது. சரக்கு வாங்குகிற ஆள் நெய்யைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பார்கோடு வேலை செய்கிறதா என்று மட்டும் பார்ப்பார். 30 நாள் 45 ஆனது, அப்புறம் 75 ஆனது. போன் செய்தால் “ஃபைனான்ஸ்ல பேசுங்க மேடம்.” ஃபைனான்ஸில் பேசினால் “சார் கையெழுத்து பாக்கி.” சார் யார் என்று கேட்டால் பேரன்.

நெய்க்கு அப்போது ஜிஎஸ்டி 12 சதவீதம். 2025 செப்டம்பரில்தான் அது 5 ஆனது. பில் போட்டால் அடுத்த மாதம் 20ம் தேதிக்குள் வரியை நான் கட்டியாக வேண்டும். நீங்கள் காசு கொடுத்தீர்களா என்று அரசாங்கம் கேட்காது. வெண்ணெய் கொண்டுவருகிற பெண்களுக்கு வாரம் தவறாமல் பணம் கொடுக்க வேண்டும். அவர்களிடம் போய் 75 நாள் கிரெடிட் என்றால் மாட்டைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் கட்டிவிட்டுப் போவார்கள். ஆக, உங்கள் கிளைக்காக நான் நகையை வைத்தேன். அடகுக் கடை ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன்.

2019ல் ஒரு செவ்வாய்க்கிழமை. சரக்கு இறக்க நானே வண்டியோடு போயிருந்தேன். எங்கள் பாட்டில் எப்படி அடுக்கியிருக்கிறது என்று ஷெல்ஃப் பக்கம் போய்ப் பார்த்தேன். வரிசை நிறைந்திருந்தது. பரவாயில்லையே என்று ஒரு பாட்டிலை எடுத்தேன். பின்னால் ஒன்றுமில்லை. ஒரு வரிசை பாட்டில், அதன் பின்னால் காலி அட்டைப்பெட்டி. பக்கத்தில் எண்ணெய் அதே மாதிரி, சோப்பு அதே மாதிரி, குழந்தைப் பால்பவுடர் அதே மாதிரி. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்துக்கொண்டே நடந்தேன். முழுக் கடையும் ஒரு பாட்டில் கனத்துக்குத்தான் இருந்தது.

வெளியே வந்தபோது பில்லிங்கில் இருக்கும் பெண் என் பின்னாலேயே வந்தாள். பக்கத்துக் கிராமம், தினமும் கடை வேனில் வந்துபோகிற பிள்ளை. “அக்கா, மிச்சத்தை எறக்காதீங்கக்கா. எங்களுக்கே ரெண்டு மாசமாச் சம்பளம் வரலீங்க.” சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். இறக்கியது பதினாலு பெட்டி, வண்டியில் மிச்சம் ஆறு. ஆறோடு திரும்பினேன்.

மூன்றாம் வாரம் ஷட்டரில் தாள் ஒட்டியிருந்தது. “பராமரிப்புப் பணிக்காகக் கடை தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது.” எனக்கு வர வேண்டியது 3,86,420 ரூபாய். இன்றுவரை வரவில்லை.

என் தப்பும் இருக்கிறது. சிறுதொழில் பதிவு அப்போது என்னிடம் இல்லை. இருந்திருந்தால் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ம் வருடத்து எம்எஸ்எம்இ சட்டத்தின்படி 45 நாளுக்கு மேல் போன பாக்கிக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்டு மனுப் போட்டிருக்கலாம். திவால் சட்டத்தில் போகலாமா என்று ஆடிட்டரைக் கேட்பதற்குள் 2020 மார்ச்சில் அதற்கான குறைந்தபட்சப் பாக்கியை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடியாக ஏற்றிவிட்டார்கள். ஒரு கோடி பாக்கி விழும் அளவுக்கு நெய் காய்ச்ச எங்கள் அடுப்புக்குத் தெம்பில்லை.

இப்போது என்னிடம் உத்யம் நம்பர், அதாவது அந்தச் சிறுதொழில் பதிவு எண், இருக்கிறது. 2023–24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்துவிட்டது உங்கள் ஆடிட்டருக்குத் தெரியும். என்னைப் போன்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். அதற்குள் கொடுக்காத பணத்தை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கொடுக்கிற வருடத்தில்தான் காட்டலாம். ஆக, 90 நாள் என்று நீங்கள் அச்சடித்த தாளே உங்களுக்கு நல்லதில்லை. இந்த விதி வந்ததும் “உத்யம் நம்பரைக் கேன்சல் பண்ணிட்டு வாங்க, ஆர்டர் தர்றோம்” என்று ஒரு கடையில் என்னிடம் சொன்னார்கள். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

உங்களை விட்டால் எனக்கு வேறு கடை இல்லையா என்றால், இருக்கிறது என்று சொல்ல ஆசைதான். பெரிய கம்பெனிக் கடைகளில் தேதி தவறாமல் காசு வந்துவிடும். ஆனால் உள்ளே நுழையவே கட்டணம், அதற்கு மேல் அவர்கள் கேட்கும் மார்ஜின் கொடுத்தால் வெண்ணெயில் எதையாவது கலந்தால்தான் கட்டும். உங்கள் கடைகளில்தான் ஊத்துக்குளி நெய்யும் சித்தோட்டு வெல்லமும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் கண்ணுக்கு நேரான தட்டில் உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் விழுந்தால் நாங்கள் கீழ்த்தட்டுக்குப் போய்விடுவோம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேட்பது அதிகமில்லை. கையால் செய்து கொண்டுவருகிறவர்களுக்கு 30 நாளில் காசு கொடுங்கள். பெரிய கம்பெனிகளிடம் எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள், அவர்களுக்குப் பேங்க் இருக்கிறது. இலவச லோடு கேட்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் குடும்பத்தில் யாராவது ஒருவர் சரக்கு இறக்கும் வாசலில் வந்து நில்லுங்கள். ஸ்கேனர் சொல்லாததை டிரைவர்கள் சொல்வார்கள். அப்புறம், எந்த வியாபாரத்துக்கும் கெட்ட வருடம் வரும். வந்தால் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள். “இந்த ஆறு மாசம் சிரமம், சரக்கைக் குறைச்சுக்குங்க, பழைய பாக்கியை மாசாமாசம் இவ்வளவு கொடுக்கிறோம்” என்று அய்யாவின் பேரன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் அந்த அப்பளக்காரரும் இன்னும் பத்துப் பேரும் கூட நின்றிருப்போம். அதை அந்தப் பில்லிங் பெண் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது. சம்பளம் வராத பிள்ளைக்கு என்மேல் இருந்த அக்கறை, சம்பளம் கொடுக்க வேண்டியவருக்கு வரவில்லை.

இரண்டு வருடம் முன்னால் ஒரு கல்யாணத்தில் அய்யாவின் வீட்டம்மாவைப் பார்த்தேன். தொண்ணூறை நெருங்கிவிட்டார். பேரன் தூரத்தில் என்னைப் பார்த்துவிட்டுச் சமையற்கட்டுப் பக்கம் நழுவினார். அம்மா என் கையைப் பிடித்து, “ஊத்துக்குளிப் புள்ளைதானே? நெய் இன்னும் காய்ச்சறயா?” என்றார். மறுநாள் ஒரு அரை லிட்டர் கொடுத்தனுப்பினேன். பில் போடவில்லை.

அழைப்பிதழ் அனுப்பிய அண்ணனுக்கு: திறப்பு விழாவுக்கு வருகிறேன், சாப்பிட்டுவிட்டும் போகிறேன். எட்டுக் கடைக்கும் வழக்கமான சரக்கு வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள் வந்துவிடும். ஒன்பதாவது கடைக்கும் சேர்த்தே ஏற்றச் சொல்லியிருக்கிறேன், பில்லோடு. டிரைவரிடம் இரண்டு காப்பி இருக்கும். ஒன்றில் வாங்கிய தேதியைத் தெளிவாக எழுதி, உங்கள் கையெழுத்தையே போட்டுக் கொடுத்துவிடுங்கள். வாங்காமல் வரக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.